பொனட்டுக்குள் ஒரு நமுனுகுல

பசறையிலிருந்து நமுனுகுலவுக்கு ஏறும் பாதையில் லொறி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, காது போதும். பழைய எஞ்சின் என்றால் வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, கறுப்புப் புகையைக் கக்கி, இருமிக்கொண்டே வரும். டர்போ பூட்டிய எஞ்சின் என்றால் இரைச்சலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று கேட்கும். முதல் வண்டியைப் பார்த்து நம் ஆட்கள் ‘மூச்சு வாங்குது’ என்பார்கள். பேச்சுக்குச் சொல்வதுபோல இருந்தாலும் அது அளந்து பார்த்த உண்மை. ஏற ஏறக் காற்று மெலிகிறது. எரிபொருள் அதே அளவு இறங்குகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. எரியாமல் மிஞ்சியதுதான் அந்தக் கறுப்புப் புகை.

டிராக் பந்தயக் காரைப் பற்றிய கட்டுரையைக் கொழுந்து லொறியில் தொடங்குவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் நேரான 402 மீட்டரைப் பத்து விநாடியில் கடக்கத் துடிக்கும் காருக்கும், நனைந்த கொழுந்து மூட்டைகளோடு ஃபெக்டரி மேட்டில் ஏறும் லொறிக்கும் இருக்கும் பிரச்சினை ஒன்றேதான். இரண்டுக்கும் வேண்டியது காற்று.

பதுளையில் நின்றபடி மலையேறுதல்

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரத்துக்குப் பின்னால் சுவர்போல நிற்கும் நமுனுகுல மலையின் உச்சி 2,000 மீட்டருக்குச் சற்று மேலே. ஒன்பது முகடுகள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பதுளையில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 92 சதவீதம். உச்சியில் அது 78 சதவீதமாக இறங்கிவிடும். நல்லவேளையாக மேலே குளிர். கீழே 27 டிகிரி என்றால் உச்சியில் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்ந்த காற்று நெருக்கமானது என்பதால் இழந்ததில் கொஞ்சம் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால், பதுளையிலிருந்து உச்சிக்குப் போகும் எஞ்சின் ஒவ்வோர் உறிஞ்சலிலும் சுமார் 12 சதவீதக் காற்றை இழக்கிறது.

இனி காரை நகரத்திலேயே நிறுத்துங்கள். பொனட்டை மூடி எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிடுங்கள். ரேடியேட்டரும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டும் சேர்ந்து பொனட்டுக்குள் இருக்கும் காற்றை 70 டிகிரிக்குக் கொண்டுபோவது சாதாரணம். அந்தக் காற்றையே எஞ்சின் உள்ளே இழுத்தால், 27 டிகிரிக் காற்றோடு ஒப்பிடுகையில் அடர்த்தி எவ்வளவு குறையும்? அதே 12 சதவீதம்தான்! வெந்நீர்ப் பானையின் ஆவியைப்போல வீங்கிப்போன அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு பதுளை பஸ் நிலையத்தருகே நிற்கும் கார், நமுனுகுல உச்சியில் நிற்கும் காருக்குச் சமம். ஓர் அடிகூட ஏறாமல் மலையேற்றத்தின் நட்டம் முழுவதையும் அது பட்டுவிடுகிறது.

குளிர்காற்றுக் குழாய், பந்தயக்காரர் பேச்சில் ‘கோல்ட் எயார் இன்டேக்’, ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

டர்போவுக்குப் பெயர் வாங்கித் தந்த மலை

டர்போவின் கதையிலும் ஒரு மலை இருக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் பியூஷி 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. அதைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்கே திருப்பி ஊட்டலாம் என்பது அவர் யோசனை. உலகம் அதை நம்பியது 1918இல். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மொஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 4,300 மீட்டர் உயரத்துக்கு, லொறியில் ஏற்றிக் கொண்டுபோனார். சமதரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே மூச்சுத் திணறியது. டர்போவைப் பூட்டியதும் இழந்த பலம் முழுவதும் திரும்பி வந்தது. வேகத்துக்காக வந்த கருவி என்று இன்று நாம் நினைக்கும் டர்போ, மலை பறித்துக்கொண்ட மூச்சை மீட்டுத் தரும் கருவியாகத்தான் முதலில் பெயரெடுத்தது. மலையகத்தானுக்கு அதன்மேல் ஒரு பங்காளி உரிமை உண்டு என்று நான் சொன்னால் மறுக்காதீர்கள்.

எங்கே பூட்டுவது?

டர்போ ஒரு முரட்டு விருந்தாளி. அதன் ஒரு பாதி 800, 900 டிகிரி வெப்பத்தில் செக்கச்செவேலென்று காயும். மறு பாதி குளிர்ந்த காற்றை எதிர்பார்த்து வாயைத் திறந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூடக் கிடையாது. நடுவே ஓடும் அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழலும். இப்படிப்பட்ட ஒன்றைக் காரின் எந்த மூலையில் உட்காரவைப்பது என்பதில்தான் பந்தயக்காரர்கள் இரவு முழுக்கச் சண்டை போடுகிறார்கள்.

எக்ஸோஸ்ட் மனிஃபோல்டை ஒட்டிப் பூட்டுவது ஒரு கட்சி. சிலிண்டரை விட்டு வெளியேறும் புகை சூடு ஆறுமுன்னே, வேகம் தளருமுன்னே சக்கரத்தை அடிக்கிறது. அக்சலேட்டரை மிதித்ததும் அமுக்கிய காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஏறும், காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அடுப்பு பொனட்டுக்குள்ளேயே எரிகிறது.

மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் வரிசையைக் கவனித்தால் இந்தச் சிக்கல் புரியும். ஒன்பதாவது எவலூஷன் வரை டர்போ எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டர் பக்கம் இருந்தது. எதிர்க்காற்று நேராக அதன்மேல் படும், ஆனால் அதன் சூடு பின்னால் எஞ்சின்மேல் அடிக்கும். 2007இல் வந்த பத்தாவது எவலூஷனில் புதிய எஞ்சினைத் திருப்பிவைத்து, டர்போவைப் பின்னால் ஃபயர்வால் பக்கம் தள்ளினார்கள். காற்றை உள்ளிழுக்கும் பக்கம் முன்னுக்கு வந்தது, புகைக்குழாய் நேராகப் பின்னால் போனது. குளிர் முன்னே, சூடு பின்னே. என் பார்வையில் அதுதான் ஒழுங்கான வீட்டுத் திட்டம். நம் லயத்து வீடுகளில்கூட அடுப்பு பின்பக்கந்தானே இருக்கிறது!

சுபாரு இம்ப்ரெஸா கதை வேறு. அதன் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்துக்கிடக்கும். பழைய எஞ்சினில் புகை கீழிருந்து குழாய் வழியே ஏறிவந்துதான் பின்னால் மேலே இருக்கும் டர்போவை அடைய வேண்டும். அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். பொனட்டில் வாய்போலத் திறந்திருக்கும் அந்த அழகான துளை அதற்காகத்தான். ஓடும்போது பிரச்சினையில்லை. டிராக் பந்தயத்தில் என்ன நடக்கும்? தொடக்கக் கோட்டில் முறைக்காகக் காத்து நிற்க வேண்டும். நிற்கும் காரின் துளைக்குள் காற்று போகாது. கீழே கொதிக்கும் எஞ்சினின் சூடு மேலே ஏறி இன்டர்கூலரைச் சுடவைத்துவிடும். பச்சை விளக்கு எரியும் கணத்தில், ஆற்ற வேண்டிய கருவியே காற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். டிராக் ஓட்ட நினைக்கிற சுபாரு பிரியர்கள் இன்டர்கூலரை முன் பம்பருக்குப் பின்னால் இறக்குவது ஸ்டைலுக்காக அல்ல.

மூன்றாவது கட்சி டர்போவைக் காரின் பின்பக்கம், சைலன்சர் இருக்கும் இடத்தில் தொங்கவிடுகிறது. பொனட்டுக்குள் அடுப்பே இல்லை. பின்சக்கரம் இழுக்கும் காருக்குப் பின்னால் பாரம் கூடினால் டயர் நன்றாகப் பிடிக்கும். அமுக்கிய காற்று நீண்ட குழாயில் முன்னுக்கு வரும் வழியிலேயே கொஞ்சம் ஆறிவிடும். ஆனால் புகையும் அத்தனை தூரம் பயணம் செய்து, சூடு ஆறிச் சுருங்கி, பாதி உற்சாகத்தோடுதான் சக்கரத்தை வந்தடையும். டர்போவுக்கு ஒயில் போய்த் திரும்பிவரத் தனிப் பம்பு வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் லுணுகலைப் பக்கத்துப் பாதைப் பள்ளத்தில் தேங்கிய சேற்றுத் தண்ணீர், சுடச்சுட இருக்கும் இரும்பின்மேல் தெறிப்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தெறிக்காத பந்தயப் பாதைக்கு அது சரி. நம் பாதைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டர்போ பூட்டிய உச்சகட்ட டிராக் கார்களில் இந்த விவாதமே கிடையாது. அங்கே டர்போக்கள் முன்னால், ஹெட்லைட் இருக்க வேண்டிய ஓட்டைக்குப் பின்னால் நிற்கும். விளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த வழியே நேராக வெளிக்காற்றைக் குடிக்கும். புகைக்குழாய் பக்கவாட்டுத் தகட்டையோ பொனட்டையோ துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும். பெரிய டர்போ மெதுவாகத்தான் விழிக்கும் என்ற குறைக்கும் வழி கண்டுவிட்டார்கள். கோட்டில் நிற்கும்போதே எஞ்சினைக் குறித்த சுற்றில் உறுமவிட்டு, பூஸ்டை ஏற்றிவைத்துக்கொண்டே புறப்படுகிறார்கள். இன்டர்கூலரை ஆற்றுவது எதிர்க்காற்றல்ல, பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டி. பத்து விநாடி ஓட்டத்துக்கு ஒரு தொட்டிப் பனிக்கட்டி தாராளம். மஹியங்கனை வரை ஓட்டிப்போக வேண்டிய காருக்கு அது உதவாது.

கோன் ஃபில்டர் என்ற மயக்கம்

பண்டாரவளையிலோ பதுளையிலோ கொஞ்சம் உறுமும் கார் ஒன்றின் பொனட்டைத் திறந்தால் அநேகமாக ஒரு கோன் ஃபில்டர் தெரியும். சிவப்பாகவோ நீலமாகவோ, தலைகீழான ஐஸ்கிரீம் கூம்புபோல எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்தபடி நிற்கும். கம்பனி கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் பூட்டியிருப்பார்கள். சத்தம் அருமை. நானும் இளவயதில் ஒன்று பூட்டினேன். ஒரு வாரம் ஊரைச் சுற்றினேன். பிறகு ஹப்புத்தளைக்கு ஏறும்போதுதான், முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் கார் இரண்டாவதைக் கேட்பது தெரிந்தது. சத்தம் கூடிய அளவுக்குப் பலம் கூடியது என்று நம்பியது என் பிழை, பூட்டிய கராஜ்காரரின் பிழையல்ல.

அந்தக் கறுப்புப் பெட்டியின் மூக்கைத் தொடர்ந்து போய்ப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பெரும்பாலான கார்களில் அது ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ முன் சக்கரத்துக்கு மேலுள்ள இடுக்கிலோ போய் வெளிக்காற்றைத் தொடும். கம்பனி இலவசமாகக் கொடுத்த குளிர்காற்றுக் குழாய் அதுதான். அதை வீசிவிட்டு 70 டிகிரிக் காற்றுக்குக் காசு கொடுக்கிறோம்.

டர்போ இருந்தால் இந்தத் தவறு பெருகும். கம்ப்ரஸர் காற்றை அமுக்கும்போது அது சூடாகும், சைக்கிள் பம்பின் அடி சுடுவதைப்போல. 22 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், நடுத்தரத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது ஏறக்குறைய 114 டிகிரியில் வெளிவரும். 65 டிகிரிக் காற்றைக் கொடுத்தால் வெளிவருவது 171 டிகிரி. வாயில் 43 டிகிரி வித்தியாசம், மறுமுனையில் 57. அத்தனையையும் இன்டர்கூலர் தலையில் கட்டுகிறோம். ஆற்ற முடியாமல் போனால் பெற்றோல் தானாகவே முன்கூட்டி வெடிக்கத் தொடங்கும். ‘நொக்’ என்ற அந்தச் சத்தம் பிஸ்டனுக்கு விழும் சுத்தியல் அடி. இன்றைய எஞ்சின்களின் கம்ப்யூட்டர் அதை உணர்ந்ததும் தீப்பொறியைத் தாமதப்படுத்திப் பலத்தைக் குறைத்துவிடும். 92 ஒக்டேன் பெற்றோல் அடித்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

வேகமாக ஓடினால் முன்காற்றே அடித்து உள்ளே தள்ளும் என்று சிலர் பம்பரில் பெரிய வாயாக வெட்டிவைக்கிறார்கள். மணிக்கு 160 கிலோமீட்டரில் அந்தத் தள்ளு அழுத்தம் காற்றழுத்தத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். அந்த வாயால் கிடைக்கும் இலாபம் தள்ளில் இல்லை, குளிரில் இருக்கிறது. வாயைத் தாழ்வாக வைத்தால் வேறு ஆபத்தும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பாதையில் தேங்கும் தண்ணீரை ஃபில்டர் உறிஞ்சிவிட்டால், அமுக்க முடியாத தண்ணீரை அமுக்கப் பார்த்து பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். அதற்கான பில்லோடு ஒப்பிட்டால் டர்போவின் விலை சின்னக்காசு.

தியத்தலாவையில் காற்று

ஊவாவில் மோட்டார் பந்தயம் என்றதும் நினைவுக்கு வருவது தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். இராணுவக் கல்விக்கூடத்தை ஒட்டிய அந்த மண்பாதையில் 1993 முதல் பந்தயம் நடந்துவந்தது. அது டிராக் அல்ல, வளைந்து குதித்து ஓடும் ஓட்டம். ஆனாலும் காற்றுக்கணக்கு அதேதான். சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 86 சதவீதம். கொழும்பில் 31 டிகிரியும் இங்கே 22 டிகிரியும் என்று வைத்துக்கொண்டால், மலை 14 எடுத்து 3 கொடுக்கிறது. டர்போ இல்லாத கார் மீதி 11ஐ அப்படியே இழக்கும்.

டர்போ உள்ள கார் இழக்காது என்பார்கள். பாதி சரி. கொழும்பில் கிடைத்த அதே அமுக்கம் இங்கேயும் வேண்டுமானால் மெலிந்த காற்றை அதிகமாக அமுக்க வேண்டும். கொழும்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றால் இங்கே 2.3 மடங்கு. அச்சு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். வெளிக்காற்று 9 டிகிரி குளிராக இருந்தும், கம்ப்ரஸரை விட்டு வரும் காற்று கொழும்பைவிடச் சுமார் 10 டிகிரி சூடாக இருக்கும். மலையில் டர்போ கடன் வாங்கித்தான் மானத்தைக் காப்பாற்றுகிறது, வட்டி சூடாக வருகிறது. ஆகவே சமதரைக்காரனைவிட நமக்குத்தான் டர்போவின் இடமும் குளிர்காற்றுக் குழாயும் முக்கியம்.

மூடுபனியும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். 15 டிகிரிக் காலையில் ஈரம் நிறைந்த காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் நீராவி. அந்த இடத்தில் எரிக்க உதவும் எதுவும் இல்லை. ஆடி, ஆவணியில் மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இங்கே இறங்கும் கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசனையைக் கொடுக்கிறது. கொழுந்தை வாட்டும் ஃபெக்டரி ஆட்களுக்குக் காற்றின் சூடும் ஈரமும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அவர்களில் யாரிடமாவது டியூனிங் வேலையைக் கொடுத்தால் நன்றாகச் செய்வார்கள் என்று எனக்கு வெகுநாளாக ஒரு எண்ணம்.

அமெரிக்காவின் டென்வர் நகரருகே, ஏறக்குறைய 1,770 மீட்டர் உயரத்தில் பண்டிமியர் என்ற டிராக் பாதை 1958 முதல் 2023 வரை இருந்தது. கடல் மட்டத்தில் எடுத்த நேரத்தை அங்கே எட்ட முடியவில்லை என்பதால், உயரத்துக்காக நேரத்தைத் திருத்திக் கணக்கிடும் எண்கள் அந்த விளையாட்டிலேயே உண்டு. நம் மலையகத்திலும் பந்தயம் புதிதல்ல, நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஆனால் டிராக் ஓட்டத்துக்கு நமுனுகுலவைச் சுற்றி 402 மீட்டர் நேரான சமதரையைத் தேடினால் ஒரு நாள் போய்விடும். அதனால்தான் இங்கே டிராக் பாதை இல்லை. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையிலும் தமிழ்நாட்டில் சோழவரத்திலும் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதைகளே பந்தயத்துக்கு வாய்த்தன.

பாதை இல்லை என்பதற்காகப் பொதுவீதியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21 அன்று, ஒழுங்குசெய்யப்பட்ட ஃபொக்ஸ் ஹில் பந்தயத்திலேயே ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 8 வயதுச் சிறுமியும் ஒருத்தி. இராணுவமும் அம்புலன்ஸும் நின்ற இடத்தில் நடந்தது அது. பசறை வீதியில் இரவு பதினொரு மணிக்கு எதுவும் நிற்காது.

வரி கொண்டுவந்த டர்போ

இன்று டர்போ பந்தயக்காரரின் சொத்தல்ல. எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து வரி போடும் நம் நாட்டில், 1,000 சிசிக்குள் அடங்கும் சின்ன எஞ்சினில் டர்போவைப் பூட்டிய ஹொண்டா சிவிக், டொயோட்டா ரைஸ் போன்ற கார்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்ததும் இன்னும் வருகின்றன. மலைக்கு அவை பொருத்தமான கார்கள்தான். ஓட்டுகிறவர்கள் லொறிக்காரரிடம் ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். நீண்ட ஏற்றம் ஏறிவந்ததும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். நிறுத்தினால் ஒயில் நின்றுவிடும், பழுத்திருக்கும் அச்சில் தங்கிய ஒயில் கருகிப் பிடிக்கும்.

காரின் பலத்தைக் கூட்ட வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார் முதலில் வாங்க வேண்டியது டர்போவும் அல்ல, கோன் ஃபில்டரும் அல்ல. நீண்ட வயர் உள்ள ஒரு டிஜிட்டல் வெப்பமானி. அதன் முனையை ஃபில்டரின் வாய்க்குள் செருகுங்கள். பதுளையிலிருந்து ஹாலிஎல வரை ஓட்டி, பிறகு காரை நிறுத்தி ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு வேளையும் வெளிக்காற்றின் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருந்தால் அந்தக் கறுப்புப் பெட்டியில் கை வைக்காதீர்கள். 30ஐத் தாண்டினால் குழாயை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். டர்போவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.